தண்ணீர்ப் பாடம்

“கையைத் தூக்கினா நாடி பாக்கக் கூடாது சிஸ்டர். கேள்வி என்னன்னு கேக்கணும்.”

பாடம் நடத்தக் கற்றுக்கொள்ளப் போன இடத்தில் எனக்குக் கிடைத்த முதல் அறிவுரை இது. மும்பை செம்பூரில் ஒரு நர்சிங் கல்லூரியின் மூன்றாவது மாடி. ஆஸ்பத்திரி நர்ஸ்களைப் பள்ளிக்கூட நர்ஸ்களாகவும், சுகாதாரப் பாடம் எடுக்கும் டீச்சர்களாகவும் மாற்றுவதற்கான வகுப்பு. அன்று மாணவி வேடத்தில் முன்பெஞ்சில் உட்கார்ந்திருந்த சக நர்ஸ் சந்தேகம் கேட்கக் கையைத் தூக்கினார். நான் பேசிக்கொண்டே போய் அவர் மணிக்கட்டைப் பிடித்து, சுவர்க் கடிகாரத்தைப் பார்க்க ஆரம்பித்துவிட்டேன். கை தானாகச் செய்தது. இத்தனை வருஷ வார்டு வாழ்க்கையில் என் முன்னால் நீண்ட கைகளுக்கு வேறு அர்த்தமே இருந்ததில்லை.

வகுப்பே சிரித்தது. சிரித்தவர்களின் லட்சணமும் அடுத்தடுத்த நாட்களில் தெரிந்துபோயிற்று. ஐ.சி.யூ.விலிருந்து வந்தவர், யாரையும் எழுப்பிவிடக் கூடாதென்ற கவலையோடு பாடம் முழுவதையும் கிசுகிசுத்தே முடித்தார். வாஷியிலிருந்து வரும் என் தோழி பிரசவ வார்டு. ஊர் நாகர்கோவில் பக்கம், குரல் எட்டுக் கட்டை. ‘மாணவி’ பதில் தெரியாமல் திணறியபோது அவள் பக்கத்தில் போய் நின்று, தோளைத் தட்டி, “முக்கு மக்களே, முக்கு, இன்னும் கொஞ்சந்தான், வந்துரும்” என்றாள். மூத்தவர் ஒருவர் போர்டில் எழுதுமுன் சாக்பீஸை ஒவ்வொரு தடவையும் தெர்மாமீட்டரில் பாதரசத்தை இறக்குவதுபோல் உதறிக்கொண்டார்.

எங்களை மேய்க்கும் பொறுப்பு மேடத்துக்கு. நர்ஸாக இருந்து, நர்ஸ்களுக்குப் பாடம் எடுத்து, ஓய்வும் பெற்றபின் மறுபடி கூப்பிட்டுக் கொண்டுவரப்பட்டவர். மாட்டுங்காக்காரர். குர்லாவில் இறங்கி வண்டி மாறியும் கஞ்சி போட்ட காட்டன் புடவையின் மடிப்புக் கலையாமல் வந்து சேரும் பெண்மணி மும்பையில் அவர் ஒருவர்தான் என்று எங்களுக்குள் பேசிக்கொள்வோம். பயிற்சியின் முடிவில் நேரில் வந்து எங்கள் பாடத்தைப் பார்த்து மார்க் போடப்போகிறவரும் அவரேதான். அதனால் அவரைக் கேலி செய்யும்போது குரலைத் தாழ்த்திக்கொள்வோம்.

நான் அந்தப் பரீட்சைப் பாடத்தில் தேறியே ஆகவேண்டும். ஆஸ்பத்திரியில் ஒருவரை ஒருமுறைதான் இதற்கு அனுப்புவார்கள். தேறினால், பயிற்சிக்குப் போகும் பள்ளியிலேயே மறுவாரம் முதல் வேலை. தேறாவிட்டால் பழையபடி ஆண்கள் வார்டு, நைட் டியூட்டி. இன்னொரு வாய்ப்புக் கிடையாது. நைட் டியூட்டிக்குப் பயந்துதான் ஓடிவந்தேன் என்று மேட்ரன் நினைத்திருப்பார். அது பாதிதான் உண்மை. வார்டில் நாங்கள் பார்ப்பவர்கள் எல்லோரும் தங்கள் வாழ்க்கையின் மோசமான வாரத்தில் இருப்பவர்கள். குணமானால் கிளம்பிவிடுவார்கள், “திரும்ப வந்துராதீங்க” என்று வாழ்த்தித்தான் அனுப்புவோம். பிறகு சயான் ஸ்டேஷன் படிக்கட்டில் எதிரே வந்தால் அவர்களுக்கு என்னைத் தெரியாது, பேண்ட் சட்டை போட்ட அவர்களை எனக்கும் தெரியாது. நல்லபடியாக இருக்கும் மனிதர்களை நான் தினமும் பார்க்க ஆசைப்பட்டேன். அவர்கள் வளரவேண்டும், வாயாடவேண்டும், நாளைக்கும் வந்து என் உயிரை வாங்கவேண்டும். வெட்கப்படாமல் சொல்கிறேன், அப்படி ஓர் ஆசை எனக்குக் கல்யாண வயதில்கூட எதன்மேலும் வந்ததில்லை.

ஆசை மட்டும் இருந்து என்ன செய்ய? எனக்குச் சொல்லித்தர வரவில்லை. வார்டில் ஒருவரை டிஸ்சார்ஜ் செய்யும்போது எப்படிப் பேசுவோமோ அப்படியே பேசினேன். இந்த மாத்திரை காலையில, இந்த மாத்திரை ராத்திரி, உப்பு கம்மி, புரிஞ்சுதா, கையெழுத்துப் போடுங்க, அடுத்தவர். அரை மணி நேரப் பாடத்தை டீ ஆறுவதற்குள் முடித்துவிட்டு, இனி என்ன செய்வதென்று தெரியாமல் டஸ்டரைத் தட்டிக்கொண்டு நின்றேன்.

“எதுக்கு இந்த ஓட்டம்? யார் துரத்தறா உங்களை?” என்றார் மேடம். “ஒரு கேள்வி கேளுங்கோ. கேட்டுட்டு வாயை மூடிண்டு நில்லுங்கோ. பதில் தானா வரும்.”

எனக்கு அதுதான் முடியாத காரியம். வார்டில் ஒருவரிடம் கேள்வி கேட்டு அவர் பதில் சொல்லாவிட்டால் ஆக்சிஜனை எடுக்க ஓடவேண்டும் என்று பழக்கியிருக்கிறார்கள். மௌனம் வந்தாலே என் கால்கள் ஓடத் தயாராகிவிடும். அதனால் கேள்வியையும் நானே கேட்டு, பதிலையும் நானே சொல்லி, நன்றாகச் சொன்னாய் என்று பாராட்டையும் நானே வழங்கிக்கொண்டிருந்தேன்.

வீட்டில் பழகிக்கொள்ளலாம் என்றால், கிடைத்த மாணவர் என் வீட்டுக்காரர். அவருக்குக் குர்லாவில் லேத் பட்டறையில் வேலை. தாராவியில் எங்கள் ஒற்றை அறைக் கோலியில் கரும்பலகை மாட்டச் சுவர் கிடையாது என்பதால் ஃப்ரிட்ஜ் கதவில் மார்க்கரால் எழுதினேன். அவர் கட்டிலில் சம்மணமிட்டு உட்கார்ந்தார்.

“ஏழாங்கிளாஸ் புள்ள மாதிரி இருக்கணும்” என்றேன்.

“ஏழாங்கிளாஸ்ல நான் பெஞ்சு மேலல்லா நின்னேன். ஏறி நிக்கட்டா?”

“சும்மா உக்காருங்க. கவனிங்க.”

கொஞ்ச நேரம் கவனித்தார். பிறகு கையைத் தூக்கினார். நாடி பார்க்காமல் என்னைக் கட்டுப்படுத்திக்கொண்டு, “கேளு” என்றேன். கல்யாணம் ஆனதிலிருந்து அவரை ஒருமையில் கூப்பிட்டது அந்த ஒரு தடவைதான்.

“டீச்சர், இன்னைக்கி கொழம்பு உண்டா, இல்ல இந்த ஃப்ரிட்ஜத் தொறக்கவே கூடாதா?”

நான் முறைத்தேன். அவர் சிரிப்பை அடக்கிக்கொண்டு, “கோவப்படாத. ஒண்ணு சொல்லுதேன். நீ சொல்லித் தாரியா மெரட்டுதியான்னு எனக்கு வெளங்கல. எனக்கே மாத்திர போடாமப் போயிட்டமோன்னு பயமா வருது” என்றார். சொன்னது சரியாக இருந்ததால் எனக்குக் கோபம் இரட்டிப்பாக வந்தது. அன்றைக்குக் குழம்பு கிடையாது, ரசம்தான்.

கடைசிக் கட்டப் பயிற்சிக்கு என்னைத் தாராவியில் ஒரு தமிழ்வழிப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினார்கள். நாங்கள் குடியிருக்கும் சாலிலிருந்து கூப்பிடு தூரம். ஜன்னலுக்கு வெளியே பிளாஸ்டிக் அரைக்கும் மெஷின் ஒன்று நாள் முழுக்க ஓடும். டீச்சர்கள் எல்லோரும் அந்தச் சத்தத்துக்குமேல் பேசிப் பேசி, வீட்டுக்குப் போயும் அதே குரலில்தான் உப்பு கேட்பார்களாம். முதலுதவி அறை என்று மாடிப்படிக்குக் கீழே எனக்கு ஒரு பெஞ்சும் அலமாரியும் கொடுத்தார்கள். நிமிர்ந்து நின்றால் தலை இடிக்கும்.

முதல் இரண்டு நாளும் சிராய்ப்பும் கீறலும்தான். ஆனால் மதியச் சாப்பாட்டு மணி அடித்து முடிந்ததும் பெண்கள் வர ஆரம்பிப்பார்கள். தலைவலி, அடிவயிற்றுவலி, தலைசுற்றல். எல்லோருக்கும் உதடு காய்ந்திருக்கும். பழக்கதோஷத்தில் “மோஷன் போச்சா?” என்று முதல் கேள்வி கேட்டுவிடுவேன். அதற்குப் பிறகு அவர்கள் சிரித்து முடிப்பதற்குள் அடுத்த பீரியட் வந்துவிடும். அவர்களில் ஒருத்தி தினமும் வருவாள். ஏழாம் வகுப்பு. ஒல்லி உடம்பு, இரட்டை ஜடை, ஊரை விற்றுவிடும் வாய்.

“தலவலி. ஒரு கோலி குடுங்க டீச்சர், போயிருதேன்.”

“மாத்திரை எல்லாம் சும்மா சும்மா தரமாட்டேன். தண்ணி குடிச்சியா?”

“குடிச்சேன்.”

அவள் கையிலிருந்த இளஞ்சிவப்பு பாட்டிலைப் பார்த்தேன். காலையில் வீட்டில் பிடித்த தண்ணீர் கழுத்துவரை அப்படியே இருந்தது.

“குடிச்ச தண்ணி பாட்டில்ல எப்படி இருக்கு?”

“சச்சீ டீச்சர், நெசமாத்தான்! குடிச்சிட்டு ரொப்பிட்டேன்.”

பள்ளியின் குடிதண்ணீர்க் குழாய் காலையிலேயே நின்றுவிட்டது எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். இருவரும் கௌரவமாக அதைப் பற்றிப் பேசாமல் விட்டோம். அவளை உட்கார வைத்து அரை பாட்டிலைக் குடிக்கவைத்தேன். மருந்து குடிப்பவள்போல் கண்ணை மூடிக்கொண்டு குடித்தாள். மறுநாள் அந்தப் பக்கம் போய் வகுப்புகளை எட்டிப் பார்த்தேன். பெஞ்சுகளின்மேல் பாட்டில்கள் வரிசையாக நின்றன, மதியம் தாண்டியும் நிரம்பியபடி. இந்தப் பிள்ளைகள் தண்ணீரை வீட்டிலிருந்து பள்ளிக்கும் பள்ளியிலிருந்து வீட்டுக்கும் உலாக் கூட்டிப்போகிறார்கள் என்று புரிந்தது. என் பரீட்சைப் பாடம் தண்ணீர்தான் என்று அன்றே முடிவு செய்துவிட்டேன்.

மேடம் ஒத்துக்கொள்ளவில்லை.

“கை கழுவறதை எடுத்துக்கோங்கோ. சோப்பு இருக்கு, நுரை இருக்கு, பாட்டு இருக்கு. எல்லாரும் அதைத்தான் பண்றா, எல்லாரும் பாஸாறா. தண்ணில என்ன பாடம் இருக்கு? குடிங்கோன்னா குடிக்கப்போறா.”

“குடிக்க மாட்டேங்கிறாங்களே மேடம்.”

“அப்ப உங்க இஷ்டம். மார்க் போடறச்சே நான் யாருக்கும் தயவு பாக்க மாட்டேன், சொல்லிட்டேன்.”

வாஷித் தோழியும் தலையில் அடித்துக்கொண்டாள். “சோப்பு எடுத்துட்டுப் போனா தப்பிச்சிருவ. உனக்கு எதுக்குட்டி இந்த வீம்பு?” என்றாள். வீம்பு என்று சொல்லிவிட்டாள் அல்லவா, அதற்குமேல் சோப்பைத் தொட என் கை எப்படி வரும்?

பரீட்சை நாளன்று மேடம் சயானில் இறங்கி, வெயிலில் நடந்து, மடிப்புக் கலையாமல் வந்து, கடைசி பெஞ்சில் உட்கார்ந்தார். ஏழாம் வகுப்பு டீச்சர் பெண்பிள்ளைகளை என் பொறுப்பில் விட்டுவிட்டு வெளியே போய்விட்டார். நான் மூன்று கண்ணாடி பாட்டில்களில் மஞ்சள்தூளைக் கொஞ்சம், இன்னும் கொஞ்சம், நிறைய என்று கரைத்துக் கொண்டுபோயிருந்தேன். நிறையத் தண்ணீர் குடித்தால் சிறுநீர் இந்த நிறம், குடிக்காவிட்டால் இந்த நிறம் என்று காட்டுவதற்கு. மேஜைமேல் வைத்ததும் வகுப்பு மூக்கைப் பிடித்துக்கொண்டது.

“சீ டீச்சர், யாருது இது?” என்றாள் இரட்டை ஜடை.

“மஞ்சத்தூள்டி!”

“பக்கா?”

“வேணும்னா வந்து மோந்து பாரு.”

ஒரு துணிச்சல்காரி எழுந்து வந்து மோந்தும் பார்த்து, “சாம்பார் வாசம் அடிக்கி” என்று அறிவித்தாள். கடைசி பெஞ்சிலிருந்து மேடத்தின் இருமல் கேட்டது. சிரிப்பா கண்டிப்பா என்று என்னால் பிரித்தறிய முடியவில்லை. ஆனாலும் வகுப்பு என்னோடு வந்துகொண்டிருந்தது. எனக்கு உள்ளுக்குள் குளிர்ந்துபோயிற்று. தேறிவிடுவேன் போலிருக்கிறதே என்று முதல்தடவையாக நினைத்தேன்.

“தினமும் ஸ்கூல்ல தண்ணி குடிக்கிறவங்க கை தூக்குங்க.”

எல்லாக் கைகளும் எழுந்தன. எல்லா பெஞ்சிலும் பாட்டில்கள் கழுத்துவரை நிரம்பியிருந்தன. பச்சைப் பொய்யை இவ்வளவு ஒற்றுமையாக நான் அதற்குமுன் பார்த்ததில்லை.

“சரி. கையைக் கீழ போடுங்க. பாட்டில் எல்லாம் ஏன் ஃபுல்லா இருக்கு?”

கேட்டுவிட்டு, மேடம் சொன்னதுபோல், வாயை மூடிக்கொண்டு நின்றேன். யாரும் பேசவில்லை. வெளியே மெஷின் மட்டும் அரைத்துக்கொண்டிருந்தது. என் கால்கள் வழக்கம்போல் ஓடத் துடித்தன. மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டேன். பதிலை நானே சொல்லிவிடலாம் என்று நாக்கு நுனிவரை வந்ததை விழுங்கினேன். தானாக வரும் என்றாரே, எப்போது வரும் என்று இவர் சொல்லவில்லையே என்று மேடத்தின்மேல் கோபமாக வந்தது.

பதில் வந்தது. இரட்டை ஜடை எழுந்து நின்றாள்.

“டீச்சர், உங்க பாட்டிலும் ஃபுல்லாத்தான இருக்கு? நீங்க வந்த நாள்லேந்து நான் பாக்கேன். ஒருநாளும் குடிச்சதில்லல்லா?”

எல்லாக் கண்களும் என் பையிலிருந்து எட்டிப் பார்த்த பாட்டிலுக்குப் போயின. அது கழுத்துவரை நிரம்பியிருந்தது. வகுப்பு கொல்லென்று சிரித்தது. மேடத்தின் பேனா நின்றுவிட்டது.

நர்ஸ்களுக்கு இதில் ஒரு பெருமை உண்டு என்பதைச் சொல்லவேண்டும். டியூட்டி ஏறினால் இறங்கும்வரை பாத்ரூம் போகாமலிருப்பது எங்களுக்கு ஒரு திறமை. போக நேரம் கிடையாது, போனால் அந்த நேரம் பார்த்துத்தான் ஒருவர் கட்டிலிலிருந்து விழுவார். அதனால் தண்ணீரே குடிக்கமாட்டோம். நோயாளிகளின் சிறுநீரைச் சொட்டுச் சொட்டாக அளப்போம், நம்முடையதைப் பற்றி நினைக்கமாட்டோம். யார் அதிக நேரம் தாக்குப்பிடிப்பது என்று புதுப்பெண்களுக்கு மார்தட்டிச் சொல்வோம். அந்த வித்தையைத்தான் பள்ளிக்கூடத்துக்கும் கொண்டுவந்திருந்தேன். முதல் நாள் காலையில் வராந்தாக் கோடியிலிருந்த பெண்கள் பாத்ரூமை எட்டிப் பார்த்ததும் என் உடம்பு தானாகவே வார்டு முறைக்கு மாறிவிட்டது. அதை நான் கவனிக்கக்கூட இல்லை.

“இல்ல, குடிக்கல” என்றேன். “உங்க பாத்ரூமைப் பாத்தேன். அதான்.”

அவ்வளவுதான். மடை திறந்த மாதிரி எல்லோரும் ஒரே நேரத்தில் பேச ஆரம்பித்தார்கள். எனக்குத் திருநெல்வேலியும் ஹிந்தியுமாக நாலு பக்கத்திலிருந்தும் விளக்கம் வந்தது. கடைசியில் இரட்டை ஜடைதான் எல்லோரையும் அடக்கிவிட்டுச் சொன்னாள்.

“தாப்பா ஒடஞ்சி கெடக்கு டீச்சர். கதவு நிக்காது. பக்கத்து ரூம்ல பையங்க கிளாஸு. ஒருத்தி உள்ள போனா வெளிய ஒருத்தி புடிச்சிக்கிடணும்.”

“புடிச்சுக்க வேண்டியதுதான?”

“எப்படிப் புடிக்க? ஒருநேரம் ஒருத்திதான் போணும்னு ரூலு. ரெண்டு பேரு போனா கதை பேசப் போறீங்களாம்.”

கதவுக்கு இரண்டு பேர் வேண்டும். விதிப்படி ஒருத்திதான் போகலாம். ஆகவே யாரும் போவதில்லை. ஆகவே யாரும் குடிப்பதில்லை. ஆகவே மதியத்தில் என் மாடிப்படிக்கடியில் அத்தனை தலைவலி. நான் எட்டு டம்ளர், சிறுநீரகம், மஞ்சள்தூள் என்று கச்சேரி நடத்திக்கொண்டிருந்தேன்.

பாடத்திட்டப்படி அடுத்ததாகத் ‘தண்ணீரின் பயன்கள்’ என்ற படத்தை மாட்டவேண்டும். மாட்டி, படித்து, இரண்டு கேள்வி கேட்டு, நன்றி சொல்லி முடித்தால் தேறிவிடுவேன். அது எனக்கு நன்றாகவே தெரிந்தது. படத்தைக் கையில் எடுத்தும்விட்டேன். ஆனால் ஒரு வார்டு முழுக்கச் சிறுநீர் போகவில்லை என்று தெரிந்தபிறகு அதை அப்படியே விட்டுவிட்டுப் படம் காட்டும் அளவுக்கு நான் டீச்சராகியிருக்கவில்லை. படத்தைச் சுருட்டி வைத்தேன். என் பாட்டிலைத் திறந்து, நின்ற இடத்திலேயே, அடிமட்டம்வரை குடித்தேன். பெண்கள் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தார்கள்.

“இப்ப நீங்க குடிங்க. முழுசா. குடிச்சிட்டு எல்லாரும் வராந்தாவுக்கு வாங்க. கதவு நான் புடிக்கேன்.”

அந்தப் ‘புடிக்கேன்’ எங்கள் வீட்டுத் தமிழ். பரீட்சையில் வந்திருக்கக் கூடாது. அதற்குத்தான் அவர்கள் நம்பினார்கள் என்று நினைக்கிறேன். வகுப்பு முழுக்க மூடி திருகும் சத்தமும் மடக் மடக்கென்று விழுங்கும் சத்தமும் கேட்டது. பந்தயம் வைத்துக் குடித்தார்கள். ஒருத்திக்குப் புரையேறியது. காலையிலிருந்து அடக்கி வைத்திருந்தவர்கள் வயிற்றில் அத்தனை தண்ணீர் விழுந்தால் என்ன ஆகும் என்று சொல்லவேண்டியதில்லை. நான் வராந்தாக் கோடிக்குப் போய்ச் சேர்வதற்குள் வரிசை தயாராக இருந்தது.

பாத்ரூம் கதவில் முதுகைச் சாய்த்து, காலைத் தரையில் ஊன்றிக்கொண்டேன். ஒருத்தி உள்ளே போவாள், ஒருத்தி வெளியே வருவாள், நான் நகர்ந்து நகர்ந்து சாய்வேன். பாட நேரம் இன்னும் பாக்கி இருந்தது. சும்மா நிற்க எனக்கு வராதே. சிறுநீரகம் என்ன வேலை செய்கிறது என்று வரிசையைப் பார்த்துக் கேட்டேன். பதில் கதவுக்குள்ளிருந்து வந்தது. “ரத்தத்த வடிகட்டும் டீச்சர்!” என்று குரல் சுவரில் மோதி எதிரொலித்தது. “சபாஷ். உள்ள இருக்கிறவங்க பதில் சொல்லவேண்டாம், சீக்கிரம் வேலையை முடிங்க” என்றேன். பக்கத்து அறையிலிருந்து பையன்கள் எட்டிப் பார்த்தார்கள். வரிசையே திரும்பி முறைத்ததில் தலைகள் உள்ளே போயின.

மேடம் எதிர்ச்சுவரில் சாய்ந்துகொண்டு எழுதிக்கொண்டேயிருந்தார். என்ன எழுதுகிறார் என்று எனக்குத் தெரியாதா? வகுப்பறையை விட்டு வெளியேற்றம். பாடத்திட்டம் காற்றில். கொச்சைத் தமிழ். என் பள்ளிக்கூட வேலை அந்தப் பேனா முனையில் கரைந்துகொண்டிருந்தது. மறுவாரம் நைட் டியூட்டிக்கு எந்தப் பையை எடுத்துப்போவது என்று யோசிக்க ஆரம்பித்தேன். உள்ளே போய்விட்டு வந்த பெண்கள் என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போனார்கள். இவர்களில் பாதிப் பேரின் பெயர்கூட இன்னும் தெரியவில்லையே, அதற்குள் விட்டுவிட்டுப் போகவேண்டுமே என்றிருந்தது.

சற்று நேரம் கழித்து நிமிர்ந்தபோது மேடம் சுவரோரம் இல்லை. வரிசையில் நின்றுகொண்டிருந்தார். முன்னால் இருந்த பெண்கள் பதறி ஒதுங்கினார்கள்.

“வேண்டாம், வேண்டாம். வரிசைன்னா வரிசைதான்” என்றார். பிறகு என்னைப் பார்க்காமல், கூரையைப் பார்த்துச் சொன்னார்: “காலைல ஆத்துல ஒரு டம்ளர் காபி. அதோட சரி. வெளில கிளம்பினா நான் தண்ணி குடிக்கறதில்லை. நாப்பது வருஷப் பழக்கம்.”

அவரும் நர்ஸ்தான் என்பதை நான் அடியோடு மறந்திருந்தேன். அவர் முறை வந்ததும் பேனாவையும் காகிதங்களையும் இரட்டை ஜடையிடம் கொடுத்து, “படிக்கப்படாது” என்று எச்சரித்துவிட்டு, புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு உள்ளே போனார். நான் கதவை ஆண்கள் வார்டின் மொத்த பலத்தோடும் அழுத்திப் பிடித்துக்கொண்டேன்.

வெளியே வந்தவர் புடவையை இறக்கிவிட்டபடி என்னை மேலும் கீழும் பார்த்தார். நான் கால்களைப் பின்னிக்கொண்டு நின்றிருந்தேன்.

“நீங்க போங்கோ” என்றார்.

“எனக்கு வேண்டாம் மேடம். பழக்கந்தான்.”

“பழக்கமாவது, மண்ணாவது. ஒரு பாட்டில் குடிச்சேளே, பாத்துண்டுதானே இருந்தேன். போங்கோ, நான் பிடிச்சுக்கறேன்.”

மாட்டுங்காவின் கஞ்சி போட்ட புடவை அந்தக் கதவில் சாய்வதைப் பார்த்துவிட்டு உள்ளே போனேன். வெளியே இரட்டை ஜடையின் குரல் கேட்டது. கதவு மெல்லிசு.

“மேடம், இந்த டீச்சர் பாஸா ஃபெயிலா?”

“அதை ஏன் நீ கேக்கறே?”

“ஃபெயிலுன்னா வர மாட்டாவல்லா? அப்புறம் கதவு யாரு புடிப்பா? நாளப்பின்ன நாங்க பாட்டில்ல தண்ணி கொண்டாரணுமா, வேண்டாமா? அதச் சொல்லுங்க.”

கேட்டுவிட்டு அவள் வாயை மூடிக்கொண்டாள். வரிசையும் மூடிக்கொண்டது. மெஷின்கூட அந்த நேரம் நின்றிருந்தது.

“கொண்டு வா” என்றார் மேடம். “தினம் கொண்டு வா. இதைவிடப் பெரிய பாட்டிலாக் கொண்டு வா.”

எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. வார்டில் எத்தனையோ பார்த்தும் டியூட்டியில் ஒருநாளும் அழுததில்லை. சத்தம் வெளியே கேட்டுவிடக் கூடாதென்று குழாயைத் திருகினேன். தண்ணீர் வரவில்லை. நான் அழுதது வரிசை முழுவதற்கும் கேட்டது.